விதானையார் என்னும் பெயர்

(முள்ளியவளையிலே கமக்காரரும் ஆசிரியரும் அரச அலுவலரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



நம் ஊர்ப் புறங்களிலே நாள்தோறும் காதில் விழும் கேள்வியொன்று உண்டு. "விதானையார் இன்றைக்குக் கந்தோரிலே நிற்கிறாரோ?" என்பதே அது. இரவிலே யானை புகுந்து வயலை மிதித்துவிட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற் சேர்ப்பதற்கு வதிவிடச் சான்று வேண்டியிருந்தாலும், அடையாள அட்டை தொலைந்தாலும், வெள்ளம் வந்து வீட்டுச் சுவர் இடிந்தாலும் நாம் முதலிலே போய் நிற்பது விதானையாரின் வாசலிலேதான்.

ஆனால், அன்பர்களே, அரசாங்கத்தின் ஏடுகளிலே இன்று விதானை என்று ஓர் உத்தியோகம் இல்லை. 1963ஆம் ஆண்டிலே அந்தக் கிராமத் தலைமைக்காரர் பதவி நீக்கப்பட்டு, அதன் இடத்திலே கிராமசேவகர் என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அன்று பிறந்த குழந்தைகள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். சட்டம் அழித்த பெயரை மக்கள் வாய் இன்னும் காத்து வருகிறது. இஃது ஏன்? இந்த ஒரு சிறு கேள்வியை உங்கள் முன் வைத்துச் சிந்திப்பதற்கே நாம் இன்று எழுந்து நிற்கின்றோம்.

சொல்லாராய்ச்சி செய்து பொழுது போக்குவது நமது நோக்கமன்று. நம் குளத்துக்கும் வயலுக்கும் பொறுப்பாளர் யார்? அவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்? இந்தக் கேள்விகள் அந்தப் பழைய பெயருக்குள்ளே கிடக்கின்றன. ஆதலினால் அந்தப் பெயர் கடந்து வந்த பாதையைச் சிறிது பார்ப்போம்.

வடமொழியிலே ஒலியால் வேறுபட்ட இரண்டு சொற்கள் தமிழ் எழுத்திலே வரும்போது விதானம் என்று ஒன்றாகிவிடுகின்றன. ஒன்று மேற்கட்டி. கோயிலிலே சுவாமிக்கு மேலே கட்டுகிறோமே, அது. மற்றது விதி, ஒழுங்கு, ஏற்பாடு என்னும் பொருளுடையது. விதானை என்னும் பட்டம் இந்த இரண்டாவது சொல்லின் வழி வந்தது. இன்னது இன்னவாறு நடக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்பவன் விதானை. சிங்கள மக்கள் இதனை விதானே என்பர். எனவே இந்தப் பெயர் இலங்கையிலே இரு மொழியாருக்கும் பொதுவான பழஞ்சொத்து.

கண்டியரசர் காலத்திலே அரசனுடைய களஞ்சியத்துக்கு உரிய ஊர்கள் என்று சில ஊர்கள் இருந்தன. அவ்வூர்களிலே விளைவைச் சேர்த்து, குடிகளின் ஊழியத்தை முறைப்படி வாங்கி, அரண்மனைக்கு ஒப்புவித்தவன் விதானே. அங்கே அந்தச் சொல்லின் பொருள் அரசனுடைய ஏற்பாட்டாளன் என்பதாகும். கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தப் பட்டத்தை ஒழிக்கவில்லை. ஆட்சி செய்ய வந்தவனுக்கு ஊரைத் தெரிந்த ஒருவன் வேண்டும் அல்லவா? பட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு மேலே இருந்த அரசனை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

வன்னியின் கதை சற்று வேறு. 1619இலே யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இலே அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஆனால் பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று முதலிய பற்றுகளிலே வன்னியர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். ஒல்லாந்தருக்கு அவர்கள் யானைகளைத் திறையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. திறை பல ஆண்டுகள் நிலுவையிலே நின்றதும் உண்டு. 1780களிலேதான் ஒல்லாந்தர் வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்து, நாகல் என்னும் படையதிகாரியைப் பொறுப்பாக இருத்தினார்கள். அதன் பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவிலே வொன் டிரிபேக் என்னும் படைத்தலைவனிடம் தோல்வி கண்டான். அவன் நினைவாக அங்கே நாட்டப்பட்ட கல்லை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம்.

அந்தத் தோல்வியோடு வன்னியிலே ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. அதுவரையும் அதிகாரம் வன்னிக்குள்ளே இருந்தது; நல்லதோ தீயதோ, குதிரை ஏறிப் போனால் ஒரே நாளிலே போய் முறையிடக்கூடிய தூரத்திலே இருந்தது. அதன் பின்னர் அதிகாரம் கச்சேரிக்குப் போயிற்று. கலெக்டர் என்றும், 1833க்குப் பின் அரசாங்க அதிபர் என்றும் பெயர் பெற்ற வெள்ளைக்காரத் துரை மேலே இருந்தார். கீழே ஊருக்குள்ளே உடையாரும் விதானையும் இருந்தார்கள். ஒழுங்கு செய்பவன் என்னும் பெயர் மாறவில்லை. யாருடைய ஒழுங்கை அவன் நடத்தினான் என்பதுதான் மாறிற்று.

ஆங்கிலேயர் காலத்து விதானை யாது செய்தான்? நெல்லிலே பத்திலொன்று வரியாக வாங்கிய காலத்தில், விளைவு மதிப்பிடப்படும்போது அவன் களத்திலே நின்றான். அந்த வரி 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 1848ஆம் ஆண்டுத் தெருச் சட்டப்படி வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவோ அதற்கு ஈடாகப் பணம் கட்டவோ வேண்டியிருந்தது. அதற்குப் பெயர்ப் பட்டியல் தலைமைக்காரரின் கைவழியாகவே போயிற்று. களவு நடந்தால் கள்ளனைப் பிடிப்பதும், பிணம் கிடந்தால் அறிவிப்பதும் அவனுடைய பொறுப்பு. பொலிஸ் விதானை என்று ஒரு பெயரே வழங்கியது. 1840ஆம் ஆண்டிலே முடிக்குரிய காணிச் சட்டம் வந்து, உறுதி காட்ட முடியாத காட்டு நிலமெல்லாம் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்டபின், சேனை வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்றாயிற்று. அந்த அனுமதிக்குச் சிபாரிசு செய்கிறவனும் அவனே.

இவ்வளவு அதிகாரம் இருந்தும் அவனுக்கு நெடுங்காலம் ஒழுங்கான சம்பளம் இருக்கவில்லை. சம்பளமில்லாத அதிகாரம் எப்படி வயிறு வளர்க்கும் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. கோழியும் நெல்லும் வாழைக்குலையும் விதானை வீட்டுக்குப் போன பாதையை நம் பாட்டன்மார் அறிவார்கள். அம்பாந்தோட்டையிலே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃப் என்னும் ஆங்கிலேயர், 1913இலே காட்டுக் கிராமமொன்றைப் பற்றி ஒரு நாவல் வெளியிட்டார். அந்தக் கதையிலே ஊர்த் தலைமைக்காரன் ஓர் ஏழை வேட்டுவன்மேற் பகைகொண்டு, சேனை அனுமதியை மறுக்கிறான். அந்த ஒரு மறுப்பிலிருந்து தொடங்கி ஒரு குடும்பமே அழிகின்றது. எழுதியவர் அந்த ஆட்சியின் உள்ளே இருந்தவர்.

மற்றுமொரு குறையையும் மறைத்தல் தகாது. விதானை பதவி பெரும்பாலும் சில குடும்பங்களுக்குள்ளே, சில சாதிகளுக்குள்ளே சுழன்றது. காணியும் செல்வாக்கும் உடையவன் மகனே விதானையானான். ஏழையின் மகன் எவ்வளவு படித்திருந்தாலும் விதானை வீட்டு முற்றத்திலே நிற்க வேண்டியவனாகவே இருந்தான். திண்ணையிலே இருக்கும் உரிமை அவனுக்கு இல்லை. ஆகையால் அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர் அந்த முற்றத்திலே நின்றவர்களின் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆனால், கமக்காரப் பெருமக்களே, இந்தப் பெயரைத் தாங்கிய மற்றொருவனும் இருந்தான். அவனை நாம் மறக்கலாகாது. அவன் நீர்ப்பாசன விதானை. மட்டக்களப்புப் பகுதியிலே வட்டவிதானை என்பர். சிங்கள ஊர்களிலே வெல்விதானே என்பர். வெல் என்றால் வயல். இவனுடைய அதிகாரம் குளக்கட்டிலே தொடங்கிக் கடைசி வாய்க்காலிலே முடியும். துருசு எந்த நாளிலே திறப்பது, தலைமடைக்காரன் எத்தனை நாள் நீர் எடுப்பது, கடைமடைக்காரனுக்கு எப்பொழுது விடுவது, வேலி எந்தத் தேதிக்குள் அடைப்பது, எவனுடைய மாடு வயலுக்குள் இறங்கியது — இவையெல்லாம் இவன் பொறுப்பு.

முற்காலத்திலே குளத்தின் கட்டைத் திருத்துவதும் வாய்க்காலைத் துப்புரவு செய்வதும் ஊரவர் யாவரும் சேர்ந்து செய்யும் கட்டாயப் பணியாக இருந்தது. 1832இலே கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின்மேல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அடிமைத்தனமான ஊழியம் ஒழிந்தது நன்று. ஆனால் அதனோடு சேர்ந்து குளவேலையின் கட்டுப்பாடும் தளர்ந்தது. செய்யாதவனைக் கேட்பார் இல்லை. கட்டுகள் உடைந்தன. ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிந்தபின்னரே அரசாங்கம் தவற்றை உணர்ந்தது. தேசாதிபதி வாட் காலத்திலே, 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் ஊரவரின் பழைய வழக்குகளுக்குச் சட்டத்தின் வலிமையைக் கொடுத்தது. கமக்காரர் கூடித் தம் வழக்கத்தைச் சொல்ல, அது எழுதப்பட்டு, மீறியவனுக்குத் தண்டம் விதிக்கவும் வழி செய்யப்பட்டது. வயல் விதானை அந்த ஒழுங்கை நடத்துபவன் ஆனான்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விதானையைக் காணிக்காரரே கூடித் தெரிந்தார்கள். கச்சேரி அவனை உறுதிப்படுத்தியது. அவனுக்குரிய கூலி கச்சேரியிலிருந்து வரவில்லை. அறுவடை முடிந்தபின் களத்திலே, ஒவ்வொரு கமக்காரனும் தன் விளைவிலே ஒரு பங்கை அவனுக்கு அளந்தான். கடைமடைக்கு நீர் போகாவிட்டால் கடைமடையிலே நெல் இல்லை. நெல் இல்லாவிட்டால் விதானைக்கும் பங்கு இல்லை. தன் சோறு மற்றவன் வயலிலே விளைகிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனும் பிழை செய்தான், பக்கம் பார்த்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அவன் பிழையை அவனே உணரும்படி அந்த ஏற்பாடு இருந்தது.

ஒரே பெயரிலே இருவர். ஒருவன் மேலிடத்தின் கட்டளையை ஊருக்குள் கொண்டுவந்தவன். மற்றவன் ஊரின் கட்டுப்பாட்டை ஊருக்குள்ளேயே நடத்தியவன். நம் மக்கள் இருவரையும் விதானையார் என்றே அழைத்தார்கள். இந்தப் பெயரிலே அச்சமும் மதிப்பும் கலந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே.

இனி, மாற்றம் வந்த வழியைப் பார்ப்போம். 1930களிலே சட்டசபை, பெருந்தலைமைக்காரரான மணியகாரர், முதலியார் முதலியோரின் முறையை நீக்கத் தீர்மானித்தது. 1946 அளவிலே அவர்களுடைய இடத்துக்குக் காரியாதிகாரிகள் வந்தார்கள். 1958ஆம் ஆண்டின் முதலாவது சட்டம் நெற்காணிச் சட்டம். பிலிப் குணவர்த்தனா அமைச்சராக இருந்து கொண்டுவந்தது. அது குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்புத் தந்தது. வயல் விதானையின் இடத்திலே, கமக்காரர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. 1963இலே ஊர் விதானையின் பதவியும் போயிற்று. போட்டிப் பரீட்சையிலே சித்தியடைந்த, மாதச் சம்பளம் பெறும், இடமாற்றத்துக்கு உட்பட்ட கிராமசேவகர் வந்தார்.

இதிலே பெருநன்மை உண்டு. பிறப்பினாற் பெற்ற பதவி படிப்பினாற் பெறும் பதவியாயிற்று. ஏழையின் மகனும், பின்னர் மகளும் அந்த நாற்காலியிலே அமர முடிந்தது. தமிழ்நாட்டிலும் இதுவே நடந்தது. அங்கே பரம்பரையாக இருந்த மணியக்காரர், கர்ணம் முதலிய பதவிகளை 1980இலே அரசு ஒழித்து, கிராம நிருவாக அலுவலரை வைத்தது. உச்ச நீதிமன்றம் 1982இலே அதனைச் சரியென ஏற்றது.

ஆனால் பெயர்கள் போன போக்கைக் கவனியுங்கள். 1963இலே வைத்த பெயர் சேவகர். ஊருக்கு ஊழியம் செய்பவர் என்பது பொருள். காலப்போக்கிலே சேவகர் என்பது தாழ்வாகத் தோன்றிற்றுப் போலும், சேவையாளர் என்றாயிற்று. பின்னர் உத்தியோகத்தர், அலுவலர் என்றாயிற்று. சிங்களத்திலும் அப்படியே. கிராம சேவக என்பது கிராம நிலதாரி ஆயிற்று. நிலதாரி என்றால் பதவியைத் தாங்கியவர். ஊழியம் என்னும் பொருள் விலகி, பதவி என்னும் பொருள் வந்து குடியேறியது. இன்று இலங்கையிலே 14,000க்கும் மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. அவற்றிலே இருப்போர் பெரும்பாலும் உழைப்பாளிகள். ஒருவரே இரண்டு பிரிவுகளைப் பார்க்கும் இடங்களும் உண்டு. அவர்களை நாம் குறை கூறவில்லை. அவர்களுடைய பெயரிலே நேர்ந்த மாற்றம் ஆட்சியின் மனத்திலே நேர்ந்த மாற்றத்தைக் காட்டுகிறது என்றே சொல்கிறோம்.

உலகிலே வேறிடங்களிலும் இப்படிப் பட்டங்கள் திரிந்திருக்கின்றன. இங்கிலாந்திலே செரிவ் என்றொரு பட்டம் உண்டு. பழைய நாளிலே அவர் ஒரு மாவட்டத்தில் அரசனுடைய கையாள். வரி வாங்கினார், குற்றவாளியைப் பிடித்தார். இன்று இங்கிலாந்திலே அது விழாக்களுக்கு வரும் கௌரவப் பதவி. அதே பெயர் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போய், அங்கே மாவட்ட மக்கள் வாக்குப் போட்டுத் தெரியும் காவல் தலைவரின் பெயராயிற்று. ஒரே பெயர் ஒரு நாட்டிலே அலங்காரமாகவும், மற்றொரு நாட்டிலே மக்கள் தெரிவாகவும் ஆயிற்று. ஆகவே பட்டத்துக்கு நிலையான பொருள் கிடையாது. அது யாரிடமிருந்து வருகிறது, யாருக்குக் கணக்குச் சொல்கிறது என்பதே அதன் பொருள்.

வயலின் பக்கத்திலே என்ன நடந்தது? 1958இலே ஏற்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. 1970களிலே தெரிவு போய் நியமனம் வந்தது. 1979ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டம் அந்தக் குழுக்களின் இடத்திலே உத்தியோகத்தர்களை வைத்தது. 1991இலே கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் அவற்றை ஏற்றது. இன்று போகந்தோறும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. விதைப்புத் தேதியும் நீர் விடும் தேதியும் அங்கே தீர்மானமாகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் நம்மிலே எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போகிறோம்? போனவரிலே எத்தனை பேர் வாய் திறக்கிறோம்? தீர்மானத்தை மீறித் தலைமடையிலே குழாய் வைத்து நீர் இறைப்பவனை எத்தனை பேர் கேட்கிறோம்? விதானை இல்லையென்று அரசாங்கத்தைக் குறைசொல்லும் நாம், அந்தக் கூட்டத்திலே விதானையின் கடமையை ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறோம்.

அன்பர்களே, இனிச் சொல்வதைச் சற்று மெதுவாகச் சொல்ல விரும்புகிறோம்.

விதானம் என்றால் ஒழுங்கு என்றோம். ஓர் ஊரின் ஒழுங்கு அதன் குடிகளை எண்ணுவதிலே தொடங்குகிறது. இத்தனை வீடு, இத்தனை தலை, இத்தனை பிள்ளை. இந்தக் கணக்கைக் கையிலே வைத்திருப்பவர் ஊரலுவலர். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வன்னியிற் போருக்குள் அகப்பட்டிருந்த மக்கள் ஏறக்குறைய எழுபதாயிரம் பேரே என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. உணவும் மருந்தும் அந்தத் தொகைக்கு ஏற்பவே அளக்கப்பட்டன. இங்கே களத்திலே நின்ற முல்லைத்தீவு அரச அலுவலர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல் என்று எழுதி அனுப்பினார்கள். அவர்களும் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்களே. இத்தகைய கணக்குக்கு அடி, ஊரூராகக் குடும்பங்களை எழுதிய ஏடுகள். எறிகணை விழுந்த நாட்களிலே, பதுங்குகுழிக்கும் தறப்பாளுக்கும் இடையிலே, தம் குடும்பத்தையும் இழுத்துக்கொண்டு, கையிலே அந்த ஏட்டையும் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நம்மிற் பலர் கண்ணாலே கண்டோம். போர் முடிந்தபின் செட்டிகுளத்து முகாம்களுக்குள் எண்ணப்பட்டவர் தொகை இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்தை எட்டியது. யாருடைய கணக்கு உண்மைக்கு அண்மையிலே நின்றது என்பதை உலகம் கண்டது.

எழுபதாயிரம் என்று சொன்னவருக்கு மேலிடத்திலே குறைவில்லை. மூன்று இலட்சம் என்று எழுதியவர்கள் தம் உத்தியோகத்தையும் உயிரையும் பணயம் வைத்தார்கள். மக்கள் வாயிலே விதானையார் என்னும் பெயர் அழியாமல் நிற்பதற்கு ஒரு காரணம் தேடினால், இதையும் சொல்லலாம். தம்மை எண்ணியவரை மக்கள் மறப்பதில்லை.

அந்த உண்மை ஒருபுறம் இருக்க, இன்றைய நிலை யாது? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணிகள் உண்டு. உறுதிக் காணிகள் உண்டு. தலைமுறையாகச் செய்துவந்தும் எழுத்திலே இல்லாத வயல்களும் உண்டு. இடப்பெயர்விலே பத்திரங்கள் அழிந்தன. வயல்கள் காடாயின. காடாய்க் கிடந்தமையினாலே அது வனம் என்று ஒரு திணைக்களம் கல் நாட்டுகிறது. தண்ணிமுறிப்பு, குருந்தூர்மலைப் பகுதிகளிலே மக்கள் தம் வயல் என்று சொல்லும் நிலத்தைத் தொல்லியல் திணைக்களம் தன் எல்லைக்குள் சேர்க்க முனைந்தது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984இலே துரத்தப்பட்டார்கள். மணலாற்றுப் பகுதி 1988இலே மகாவலி 'எல்' வலயமாயிற்று. திரும்பி வந்தவர் தம் வயலிலே வேறொருவர் விதைத்திருக்கக் கண்டார்கள்.

இந்த நிலம் யாருடையது, எந்தக் குளத்தின் கீழ் இருந்தது, எந்த ஆண்டு வரை விதைக்கப்பட்டது என்பது ஊரலுவலருக்குத் தெரியும். தெரியாவிட்டால் கேட்டறிய முடியும். ஆனால் எல்லைக் கல் நாட்டும்போது அவரைக் கேட்பவர் இல்லை. கல் நாட்டியபின் கடிதம் வருகிறது. அதுவும் சில வேளைகளிலே சிங்களத்திலே வருகிறது. 1987இலே பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988இலே பதினாறாம் திருத்தம் வடக்குக் கிழக்கிலே நிருவாக மொழி தமிழ் என்றது. சட்டம் தமிழிலே இருக்கிறது. கடிதம் சிங்களத்திலே வருகிறது. ஊரை அறிந்தவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் ஊரை அறியார். விதானையார் என்று நாம் அழைக்கும் அந்த மனிதர் இன்று எதை ஒழுங்கு செய்கிறார்? பிறர் செய்த ஒழுங்குக்கு முத்திரை இடுகிறார். பெயரின் பொருள் அந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது.

இதற்கு நாம் செய்யக்கூடியது யாது? பழைய பட்டத்தை மீட்டுத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. அந்தப் பட்டத்துக்குள்ளே இருந்த நற்பொருளைக் கேட்கிறோம்.

முதலாவதாக, எந்தத் திணைக்களமாயினும் ஓர் ஊரின் நிலத்திலே எல்லை குறிப்பதற்கு முன், கிராம அலுவலரின் எழுத்து மூலமான அறிக்கையையும் கமக்காரர் அமைப்பின் கருத்தையும் பெற வேண்டும். அந்த அறிக்கை ஊரவர் முன்னிலையிலே தமிழிலே வாசிக்கப்பட வேண்டும். இதனை நம் பிரதிநிதிகள் பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டங்களிலே விடாது கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, நம்மிடையே உள்ள சட்டத்தரணிகள், நில அளவையாளர், ஆசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர் ஆகியோருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குளத்தின் கீழும் உள்ள வயல்களுக்கு ஓர் ஏடு எழுதுங்கள். முதியோர் இருக்கும்போதே வயலின் பெயர், நான்கெல்லை, செய்தவர் பெயர், வாய்க்கால், விதைத்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். 1895இலே லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி வன்னியைப் பற்றி ஒரு கைந்நூல் எழுதினார். அவர் எழுதிவைத்ததை நாம் இன்றும் சான்றாகக் காட்டுகிறோம். வந்தவர் எழுதினார், இருந்த நாம் எழுதவில்லை. அந்தக் குறையை இனியாவது நீக்குவோம்.

மூன்றாவதாக, நம் கமக்காரர் அமைப்புகளுக்குள்ளே கணக்கு வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்திலே, 919லும் 921லும் உத்திரமேரூரிலே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையாலே ஆள் தெரிந்த விதத்தைச் சொல்கின்றன. முன்பு வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மறுபடி வரக்கூடாது என்று அங்கே விதித்தார்கள். அந்தச் சபையிலே எல்லாக் குடியினருக்கும் இடம் இருக்கவில்லை. அந்தக் குறையை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. கணக்குக் காட்டாதவனுக்குக் கதவு இல்லை என்னும் அந்த ஒன்றைப் பின்பற்றினாலே போதும். போகம் முடிந்ததும், உரம் எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது, வாய்க்கால் வேலைக்கு வந்த பணம் என்ன ஆயிற்று என்பதைக் குளக்கட்டிலே நின்று வாசிக்கட்டும். நாம் கொழும்பிடம் கேட்கும் பொறுப்பை நம்மவரிடமும் கேட்கும்போதே நம் கேள்விக்கு வலிமை உண்டாகும்.

கடைசியாக, இங்கே அமர்ந்திருக்கும் கிராம அலுவலர்களுக்கு ஒரு சொல். ஊரவர் உங்களை விதானையார் என்று அழைக்கும்போது, அது பழைய காலத்துப் பேச்சு என்று எண்ணி நகையாதீர்கள். உங்கள் நியமனக் கடிதத்திலே அந்தப் பெயர் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் நியமனக் கடிதம் தந்த பெயரை அரசாங்கம் விரும்பியபோது மாற்றுகிறது. மும்முறை மாற்றியும் விட்டது. ஊர் தந்த பெயரை எவரும் மாற்ற முடியவில்லை. அந்தப் பெயரால் உங்களை அழைப்பவர், தம் நீரையும் நிலத்தையும் ஒழுங்கு செய்து காக்கும் ஒருவராக உங்களைக் காண விரும்புகிறார்கள். உங்களிடம் பொய்க் கணக்கு எழுதும்படி யாரேனும் கேட்டால், 2009இலே உங்களுக்கு முன் இருந்தவர்கள் எழுதிய கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசியிலே வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முதல், நம் காட்டா விநாயகர் கோயிலிலே கூடுகிறோம். கடல்நீரை அள்ளிவந்து அதிலே விளக்கேற்றுகிறோம். இன்ன வேலை இன்ன குடும்பத்துக்கு என்று அங்கே ஒழுங்கு உண்டு. எந்த வர்த்தமானியிலும் அது வெளிவந்ததில்லை, ஆயினும் தவறுவதில்லை. ஊர் தானே வைத்த ஒழுங்கைத் தானே நடத்தும் ஆற்றல் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அந்த ஆற்றலைக் கோயிலிலிருந்து குளக்கட்டுக்கும் கொண்டுவருவோம். வருகிற பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வந்து சேருங்கள்.